அடிக்கடி கட்டியா? ‘சூடு’ என்று சொல்லிச் சும்மா இருக்காதீர்கள்!



உங்கள் வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறதா? அந்தப் பிள்ளைக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ கட்டி வந்து, உடைந்து, ஆறி, மறுபடியும் அதே இடத்தில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் மற்றப் பக்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இதை முதலில் படியுங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். கட்டி என்றால் கைவைத்தியம் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

“அது சூட்டுக் கட்டிப்பா. டுரியான் தின்னா வரும், மாம்பழம் தின்னா வரும். சுண்ணாம்பு தடவு, பழுத்து ஒடைஞ்சி போயிரும்.” நம் லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் யார்? நானும் அதையே சொன்னவன்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டிரசராக உட்கார்ந்திருந்த நானே அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. பால்மரம் வெட்டும் ஒரு தாய் தம் பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடது அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. கையைக் கீழே விட முடியாமல், சிறகு முறிந்த கோழிக்குஞ்சு போல அந்தப் பிள்ளை நின்றது. கீறினேன், சீழ் எடுத்தேன், மருந்து வைத்துக் கட்டினேன், ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தேன். போகும்போது, “பிள்ளையைச் சுத்தமா வச்சிக்கத் தெரியாதாம்மா? நல்லா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டு” என்று தாயையும் ஒரு வார்த்தை கடிந்து அனுப்பினேன்.

மூன்று மாதத்தில் அதே அக்குள். பிறகு வலது அக்குள். பிறகு தொடை இடுக்கு. ஒன்றரை வருஷத்தில் நான்கு முறை என் கையாலேயே கீறினேன். நான்கு முறையும் ‘கட்டி’ என்று பெரிய புத்தகத்தில் எழுதினேன். நான்கு தேதி, நான்கு பக்கம். அந்த நான்கு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசி முறை வந்தபோது அந்தத் தாய் மெதுவாகச் சொன்னார்: “டிரசர் ஐயா, ரெண்டு வேளையும் குளிப்பாட்டுறேங்க. உடுப்பையெல்லாம் சுடுதண்ணியில அவிச்சுத்தான் போடுறேன். இன்னும் நான் என்னா செய்யணும், சொல்லுங்க.”

என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பிள்ளை வகுப்பில் கையைத் தூக்குவதே இல்லை, பதில் தெரிந்தாலும் தூக்குவதில்லை என்று வாத்தியார் பிறகு சொன்னார். சட்டையில் கறை தெரியும், வாடை வரும் என்று பயம். இடைநிலைப் பள்ளிக்குப் போன இரண்டாம் வருஷமே படிப்பை நிறுத்திவிட்டது. இருபது வயதில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு தோல் மருத்துவர், “எந்த வயதில் தொடங்கியது? எத்தனை முறை வந்தது?” என்று கேட்டார். இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். இரத்தச் சோதனை முடிவு வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. ஒன்பது வருஷமாக யாரும் சொல்லாத பெயர்!

அந்த இரண்டு கேள்வியையும் நான் முதல் வருஷத்திலேயே கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்காமல் போனதற்காகத்தான் இன்று உங்களிடம் இதை எழுதுகிறேன்.

அந்த நோய் எது?

அதன் பெயர் ஹைட்ரடினைடிஸ் சப்புரேட்டிவா. நாக்கில் நுழையாத பெயர்தான். ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் சுருக்கமாக எச்.எஸ். என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இதை முதலில் விவரித்தவர் வெல்போ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், ஆண்டு 1839. பிறகு 1854இல் வெர்னேய் என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் இது வியர்வைச் சுரப்பியில் தோன்றும் நோய் என்று கருதினார். அதனால்தான் நெடுங்காலம் உலகமே இதை வியர்வையோடும் அழுக்கோடும் சேர்த்துப் பேசியது. இன்றைக்கு அந்தக் கருத்து மாறிவிட்டது. நோய் தொடங்குவது முடியின் வேரில். முடி முளைக்கும் சிறு குழியின் வாய் அடைத்துக்கொள்கிறது. குழி வீங்கித் தோலுக்கு அடியிலேயே வெடிக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே அளவுக்கு மீறிப் பாய்ந்து, அழற்சியை உண்டாக்குகிறது. வீக்கமும் வலியும் சீழும் அதனால் வருபவை.

ஆகவே இது அழுக்கால் வருவது அன்று. தொற்று நோயும் அன்று. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துண்டைத் துடைத்தாலும் மற்றப் பிள்ளைக்கு ஒட்டாது. டுரியான் மேலும் குற்றம் இல்லை, தாயின் மேலும் குற்றம் இல்லை. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருக்கிறது. 2010இல் சீனாவில் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, பரம்பரையாக வரும் குறிப்பிட்ட மரபணுக் கோளாறுகளே கண்டுபிடிக்கப்பட்டன. உடல் பருமனும் சிகரெட்டும் நோயைக் கடுமையாக்கும். ஆனால் ஒல்லியான பிள்ளைக்கும் வரும்.

பெரும்பாலும் பூப்படையும் பருவத்துக்குப் பிறகு, பதின்மூன்று வயதிலிருந்து இருபதுகளுக்குள் தொடங்கும். பதினொரு வயதுக்குமுன் தொடங்குவது அரிது. நூறு நோயாளிகளில் இரண்டு பேருக்குத்தான் அப்படி. இந்த அரிதுதான் பிள்ளைகளுக்கு வினையாகிறது. ‘சின்னப் பிள்ளைக்கு எங்கே வரப்போகிறது’ என்று பார்க்கிறவர் நினைப்பதே இல்லை.

ஏழு வருஷம் ஏன் தவறுகிறது?

பல நாடுகளின் நோயாளிகளை விசாரித்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, இந்த நோய் தொடங்கியதிலிருந்து கண்டுபிடிக்கும்வரை சராசரியாக ஏழு வருஷம் ஆகிறது என்று சொல்கிறது. அதே ஆராய்ச்சியில் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டும் தோல் நோய்தான். ஏன் இந்த வித்தியாசம்?

சொரியாசிஸ் முழங்கையில் வரும், முழங்காலில் வரும், ஊருக்கே தெரியும். இந்த நோய் வருவதோ மறைக்கிற இடத்தில். பிள்ளை தாயிடம் சொல்லாது. தாய் தகப்பனிடம் சொல்ல மாட்டாள். “பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு ஆகணும், வெளிய சொல்லாதீங்க” என்று வீட்டுப் பெரியவர்கள் வாயை அடைப்பார்கள். பொறுக்க முடியாத வலி வந்தபிறகு ஒரு கிளினிக்குக்குப் போவோம். அங்கே கீறிவிடுவார்கள். அடுத்த முறை வேறொரு கிளினிக். அங்கே இருப்பவருக்கு முந்திய கட்டி தெரியாது. ஒவ்வொருவர் கண்ணுக்கும் அது முதல் கட்டி! நோய் ஒரே பிள்ளையிடம் இருக்கிறது. அதன் கதையோ நாலு புத்தகத்தில் சிதறிக் கிடக்கிறது.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

இதோ முக்கியமான விஷயம். இந்த நோயை உறுதிப்படுத்த இரத்தச் சோதனை கிடையாது. எக்ஸ்ரே கிடையாது. மூன்றே மூன்று கேள்விதான். அவற்றை நீங்களும் கேட்கலாம்.

முதல் கேள்வி: எப்படி இருக்கிறது? தோலுக்கு அடியில் ஆழமாக, தொட்டால் உயிர் போகிற வலியுள்ள உருண்டை. சாதாரணக் கட்டிக்கு நடுவில் மஞ்சள் முனை தெரியும். இதற்குப் பெரும்பாலும் முனை இருக்காது. சில பிள்ளைகளுக்கு ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இரட்டைக் கரும்புள்ளி இருக்கும். அது பெரிய துப்பு. நாள்பட்டால் கயிறு போலத் தழும்பும், தோலுக்கு அடியில் எலிவளை போலச் சுரங்கமும் உண்டாகி, ஓயாமல் நீர் கசியும்.

இரண்டாவது கேள்வி: எங்கே இருக்கிறது? அக்குள், தொடை இடுக்கு, பிட்டம், ஆசனவாய்ப் பக்கம், மார்புக்குக் கீழ் மடிப்பு. தோலோடு தோல் உரசும் இடங்கள்.

மூன்றாவது கேள்வி: எத்தனை முறை? ஆறு மாதத்தில் இரண்டு முறை அல்லது அதற்கு மேல் இப்படிப்பட்ட இடங்களில் வந்தால், சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

இந்த மூன்றும் பொருந்தினால் டாக்டர் மற்ற நோய்களை ஒதுக்கிப் பார்ப்பார். அதற்குத்தான் சோதனைகள் வேண்டும். சீழைத் துடைத்தெடுத்து அனுப்பிக் கிருமி பார்ப்பார். இந்த நோயில் பெரும்பாலும் குறிப்பாகச் சொல்லும்படி ஒன்றும் அகப்படாது. சர்க்கரை பார்ப்பார். கழுத்து, அக்குள் நெறிகட்டி உடைந்து வடிந்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும். சேற்றிலும் மண்ணிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் நம் நாட்டில் சீழ்க்கட்டி உண்டாக்கும், அதையும் மறக்கக்கூடாது. ஆசனவாய்ப் பக்கம் கட்டியோடு வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருந்தால் குடலைச் சோதிப்பார். பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்குமுன், ஆண் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்குமுன் பருவ மாற்றம் தெரிந்தால் ஹார்மோன் சோதனையும் உண்டு. டாக்டர் கேட்கும்போது வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

தாய்மார்களே, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும்!

இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கட்டி வந்தால் தேதி எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை நாள் இருந்தது, யார் கீறினார், என்ன மாத்திரை, பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளை எழுதட்டும். கட்டி பெரிதாக இருக்கும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முறை கிடைத்து டாக்டரைப் பார்க்கும் நாளில் கட்டி வற்றியிருக்கும், ‘ஒன்றுமில்லையே’ என்பார்கள். அப்போது படம் பேசும். படம் உங்களிடமும் டாக்டரிடமும் மட்டும் இருக்கட்டும், வேறு யார் கைக்கும் போகக்கூடாது.

கிளினிக்கில் போய், “பிசுல்” என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். “இது மூணாவது தடவைங்க டாக்டர், ஆறு மாசத்துல மூணு தடவை. எச்.எஸ். நோயா இருக்குமா, பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. தோல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. கடிதத்தோடு நிபுணரைப் பார்க்கவும் பெரிய செலவில்லை. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சிக்கலாக இருந்தால் கட்டணம் பல மடங்காகும். அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காமல் சங்கக் கிளைக்கு வந்து சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடாதவை: பிதுக்கக்கூடாது. பிளேடால் கீறக்கூடாது. சுண்ணாம்பு வைக்கக்கூடாது, தோல் வெந்து போகும். நாரைப் போட்டுத் தேய்க்கக்கூடாது. தளர்ந்த பருத்தி உடுப்பும், வெதுவெதுப்பான தண்ணீர் ஒத்தடமும் போதும். காய்ச்சல் அடித்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

கண்டுபிடித்தால் என்ன பயன்?

“பேரு தெரிஞ்சா மட்டும் நோய் போயிருமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, உண்மைதான். ஆனால் அடக்கி வைக்க வழி உண்டு. ஹர்லி என்பவர் 1989இல் இந்த நோயை மூன்று படியாகப் பிரித்தார். முதல் படியில் தனித்தனிக் கட்டிகள். இரண்டாம் படியில் சுரங்கமும் தழும்பும். மூன்றாம் படியில் அந்த இடம் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து புண்ணாகிவிடும். முதல் படியில் பிடித்தால் கிருமிநாசினிக் கழுவலும், மேலே பூசும் கிளின்டமைசின் மருந்தும், சில வாரத்துக்கு மாத்திரையும் பல பிள்ளைகளுக்குப் பலன் தரும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சில மாத்திரைகள் பல்லில் கறை ஏற்றும். எது கொடுப்பது என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நான் செய்தது போல வெறுமனே கீறிச் சீழ் எடுப்பது வலியைத்தான் குறைக்கும். கட்டி அநேகமாகத் திரும்பி வரும். சுரங்கத்தின் கூரையைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை வேறு, அதை நிபுணர் செய்வார். நோய் கடுமையானால் அடலிமுமாப் என்ற ஊசி உண்டு. அமெரிக்காவில் 2015இல் பெரியவர்களுக்கும், 2018இல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த நோய்க்காக அனுமதிக்கப்பட்டது. விலை அதிகம்; போடுமுன் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ‘நான் அழுக்கானவள்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ‘இது ஒரு நோய், உன் குற்றமில்லை’ என்று சொல்ல முடியும். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது. பெயர் தெரிந்த நாளில் அந்தச் சுமையில் பாதி இறங்கும்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

சிலர் சொல்வார்கள்: “அரிதான நோய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? கட்டி வந்த எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினால் என்ன ஆவது?” எல்லாரும் ஓட வேண்டாம் என்பதே என் கருத்தும். பெரும்பாலான கட்டி சாதாரணக் கட்டிதான், வரும், போகும். இரண்டாவது முறை மறைவிடத்தில் வந்த கட்டியை மட்டும் வேறு கண்ணால் பாருங்கள் என்கிறேன். இதற்குக் காசு செலவில்லை.

நம் கோரிக்கைகள் மூன்று. தோட்டத்தில் மருந்தகம் இருக்கும் இடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அட்டை வைக்க வேண்டும். எனக்கு இருந்தது போல ஒரே பெரிய புத்தகம் போதாது. ஆறு மாதத்தில் இரண்டாவது கட்டி என்றால் கீறி அனுப்புவதோடு நிறுத்தாமல் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். மூன்றாவது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய சம்பளம் போகக்கூடாது. தொழிலாளிக்கு நோய் வந்தால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. பிள்ளைக்கு நோய் வந்தால் அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு விடுப்பு இல்லை. பெரட்டில் பெயர் விழுந்துபோகும் என்று பயந்து எத்தனை தாய்மார்கள் நிபுணரைப் பார்க்கும் தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள்! பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டுப் பாடத்துக்கு வராத பிள்ளையை, கையைத் தூக்காத பிள்ளையை, நாற்காலியில் ஒருபக்கமாக உட்காரும் பிள்ளையை அதட்டுமுன், தனியாக அழைத்து, “எங்கேயாவது வலிக்குதாம்மா?” என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளை இன்று நாற்பது வயதைத் தாண்டிய பெண். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். கை முழுவதும் உயராது, தழும்பு இழுத்துப் பிடித்திருக்கிறது. என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா, டிரசர் ஐயா?” என்று அன்போடுதான் கேட்டார். தம் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் முதல் கட்டி வந்த வாரமே நிபுணரிடம் கூட்டிப்போனதாகச் சொன்னார். “அவ இப்போ கூடைப்பந்து ஆடுறாங்க ஐயா” என்றார்.

அவருக்கு நாம் செய்யத் தவறியதை அவர் தம் மகளுக்குச் செய்துவிட்டார். நம் லயத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றனவோ! இன்று இரவு உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, திட்டாமல், மெதுவாகக் கேளுங்கள்: “கட்டி வந்திச்சா? எத்தனை தடவை?”

கேளுங்கள், எண்ணுங்கள், எழுதி வையுங்கள்!